பருப்புக்கீரையில் முட்டையிட்ட மஞ்சள் பூச்சி

எருக்கம்பூச்சியை எனக்கு நன்றாகத் தெரியும். கடலூர் தேவனாம்பட்டினம் மணலில் எருக்கு இல்லாத இடம் ஏது? மீன்கூடையை இறக்கி வைத்து மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் எருக்கஞ்செடி நிற்கும், அதைச் சுற்றி அந்தப் பட்டாம்பூச்சியும் நிற்கும். பழுத்த மஞ்சள் நிறத்தில் றெக்கை, ஓரத்தில் கறுப்பு, நுனியில் வெள்ளை. நிதானமாகப் பறக்கும். கையை வீசினால் ஒரு முழம் தள்ளிப் போய் மறுபடியும் உட்காரும். எருக்கம்பால் குடித்து வளர்ந்த உடம்பு என்பதால் காக்கா குருவி எதுவும் அதைத் தொடாது. அதன் புழுவையும் பார்த்திருக்கிறேன். வழவழவென்று, வெள்ளையும் மஞ்சளும் கறுப்புமாக வளையல் அடுக்கின மாதிரி இருக்கும்.

அதனால்தான் அந்த ஐப்பசியில் என் கீரைப்பாத்தியில் வந்து உட்கார்ந்த பூச்சியை என் தங்கச்சி எருக்கம்பூச்சி என்று சொன்னபோது எனக்குப் பொறுக்கவில்லை.

தங்கச்சி என்னைவிடப் பத்து வயது சின்னவள். சிதம்பரத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நான் இரண்டாம் வகுப்போடு நின்று அம்மாவோடு மீன்கூடை தூக்கினேன், அவள் படித்தாள். அதை நான் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அவளும் மறந்ததில்லை. இன்றைக்கும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். அறுபத்திரண்டு வயதுப் பாப்பா.

அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்காக ஒரு சின்னப் புத்தகம் போடச் சொல்லியிருந்தார்கள். நம் பக்கத்துப் பட்டாம்பூச்சிகளின் படமும் பேரும் அதில் வரும். அதற்காக ஞாயிற்றுக்கிழமை தோறும் போனைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். அப்படி ஒரு ஞாயிறு என் வீட்டுக்கும் வந்தாள். முட்டி தேய்ந்து கூடையை விட்ட பிறகு நான் கீரை போட்டு மஞ்சக்குப்பத்தில் விற்கிறேன். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீட்டின் பின்பக்கம் பத்தடி மணலில் பருப்புக்கீரை தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும். தண்டு சிவந்து, இலை தடித்து, பருப்போடு கடைந்தால் குழந்தைகூடத் தின்னும்.

அந்தக் கீரைமேல் உட்கார்ந்திருந்த மஞ்சள் பூச்சியை அவள் படம் எடுத்துவிட்டு, “வெந்தய வரியன்” என்றாள். எருக்கம்பூச்சிக்குப் புத்தகத்தில் அதுதான் பேராம்.

“இது அது இல்ல பாப்பா.”

“அதேதாங்க்கா. பாரு, போனே சொல்லுது.”

“போனு எந்த ஊர்ல கீரை பறிச்சிச்சு?”

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நாலு நாளாக அந்தப் பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எருக்கம்பூச்சிக்குப் பயம் கிடையாது. இதற்கு இருந்தது. காக்கா நிழல் விழுந்தால் போதும், விருட்டென்று எகிறி வேலிப் பக்கம் ஓடும், அப்புறம் சுற்றிச் சுற்றிப் பார்த்துத்தான் இறங்கும். இறங்கினால் கீரை இலையின் அடியில் வயிற்றை வளைத்து வைக்கும். முட்டை. எருக்கம்பூச்சி எதற்குக் கீரையில் முட்டை போடப் போகிறது? பக்கத்திலேயே எருக்கு நிற்கிறது, அதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

இன்னொன்றும் பார்த்திருந்தேன். சொல்வதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் சொன்னேன். மஞ்சள் பூச்சி வரும் வேளையில் ஒரு கறுப்புப் பூச்சியும் வந்தது. நல்ல கறுப்பு, அதில் பெரிய பெரிய வெள்ளைப் பொட்டு. வெயில் சாய்ந்து பட்டால் பொட்டைச் சுற்றி ஊதா மின்னும். சுவர் மேல் உட்கார்ந்து காவல் காக்கும், வேறு எது வந்தாலும் துரத்தும், மஞ்சளை மட்டும் துரத்தாது. ஒருநாள் இரண்டும் வால் சேர்ந்து கிடந்ததை நான் கண்ணால் கண்டேன்.

“கறுப்பு இதோட புருசன்” என்றேன்.

“அக்கா, எங்கயாச்சும் ஆண் ஒரு நெறம், பொண்ணு ஒரு நெறமா…”

“ஏன், மயிலு?”

டீச்சர் இல்லையா, உடனே வேறு வழி எடுத்துவிட்டாள். “சரி. நீ சொல்ற முட்டை பொரிஞ்சு, புழுவு கீரையத் தின்னு, கூடு கட்டி, அதுலேந்து ஒரு மஞ்சளும் ஒரு கறுப்பும் வரட்டும். நான் கண்ணால பாத்தா மாத்துறேன். மார்கழி பொறந்துதான் அச்சுக்குப் போவுது. அது வரைக்கும் வெந்தய வரியன்தான்.”

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவள் போடப்போகிற அந்தப் புத்தகத்தில் நான் கூட்டிப் படிக்கப் போவது என் கொல்லைப் படத்துக்குக் கீழே இருக்கும் ஒரு வரியைத்தான். அந்த ஒரு வரி தப்பாக அச்சேறிவிடக் கூடாது. என் வாயால் சொன்னது சரி என்று அவள் வாயால் வர வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு உட்கார முடியவில்லை. பழைய கொசுவலையைக் கிழித்து, நாலு செங்கல் வைத்து, பாத்தியில் ஒரு மூலையை மூடினேன். காலையில் எழுந்ததும் அங்கே. சோறு வடித்துவிட்டு அங்கே. மழை பிடித்தால் சாக்கை எடுத்துக்கொண்டு அங்கே. பக்கத்து வீட்டு மச்சினி, “பின்னால என்னா பொதச்சு வச்சிருக்க?” என்று எட்டிப் பார்த்தாள். “ஒண்ணுமில்ல” என்று சாக்கை இழுத்து மூடினேன். சொன்னால் நாளைக்கு ஊரே வந்து நிற்கும்.

நாலாம் நாள் முட்டை பொரிந்தது. புழு நூல் மாதிரி இருந்தது. வளர வளரக் கறுத்தது, உடம்பெல்லாம் முள் வந்தது, தலை சிவந்து அதில் இரண்டு கொம்பு முளைத்தது. எருக்கம்புழு மாதிரி வழவழப்பு ஒன்றும் கிடையாது. ஏழு புழு இருந்தது. இந்தப் புழுவை நான் அறியாதவளா? கீரை விற்க வந்த நாளிலிருந்து கட்டு கட்டுவதற்கு முன்னால் தினம் கிள்ளிப் போட்ட புழு அல்லவா இது. இது என்னவாக ஆகும் என்று ஒருநாள்கூடக் கேட்டுக்கொண்டதில்லை.

மஞ்சக்குப்பத்தில் ஆபீஸுக்குப் போகிற ஒரு அம்மா எனக்கு வாடிக்கை. மழைக்கு மற்றவர்களிடமும் கீரை இல்லாத நேரம்.

“ஆயா, ஒரு வாரமா பருப்புக்கீரையே காணோமே?”

“இல்லம்மா.”

“வீட்டுல இருக்குதாமே. பூச்சிக்கு வச்சிருக்கியாமே. பூச்சிக்கு விருந்து, எங்களுக்குப் பட்டினியா?”

நான் சொல்லாவிட்டாலும் மச்சினி எட்டிப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். எனக்குச் சுருக்கென்றது. நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னால் கொண்டு போய்த்தான் தீருவேன், அதுவும் என் குணம்.

மறுநாள் விடிந்ததும் வலைக்கு வெளியே இருந்த கீரையைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் தங்கச்சியின் போன் வந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கட்டுக்குச் சுத்தம் செய்தேன்.

“அக்கா, அச்சுத் தேதி முன்னாடி வந்துடிச்சு. குறிஞ்சிப்பாடியில பிரஸ்ஸு வச்சிருக்கானே, என்கிட்ட படிச்சவன், அவனுக்கு மார்கழில காலண்டர் வேலை ஜாஸ்தியாம். கார்த்திகை மூணாவது வெள்ளிக்கெழமயே குடுத்துடுங்க டீச்சர்ங்கறான்.”

“புழுவு இன்னும் கூடே கட்டல.”

“அதான் சொல்றேன். விட்டுடேன்க்கா. ஒரு பேருதான. புள்ளைங்களுக்கு என்னா தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியுமே” என்றேன். கோபத்தில் எனக்கு மூச்சு இரைத்தது. இன்னும் என்னவோ பேசினோம். அவள் போனை வைத்த பிறகுதான் என் கையைப் பார்த்தேன். கட்டைவிரல் நகத்தில் பச்சையும் கறுப்புமாகப் பிசுபிசுப்பு. மடியில் மூன்று புழு நசுங்கிக் கிடந்தது.

வலைக்குக் கீழே பள்ளம் பறித்த மாதிரி ஓர் இடுக்கு. அது வழியே புழு வெளியே வந்து மேய்ந்திருக்கிறது. என் கை என்னைக் கேட்கவில்லை. இலையைத் திருப்பு, புழுவைப் பிடி, நகத்தால் கிள்ளு. தூங்கினாலும் செய்யும் கை அது. இத்தனை நாளாகச் சாக்கு பிடித்தவளும் நான்தான், நசுக்கியவளும் நான்தான். கையை மணலில் தேய்த்தேன். தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். அப்புறமும் கழுவினேன். அன்றைக்குக் கீரையைக் கொண்டு போய் அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

இதைத் தங்கச்சியிடம் சொல்லவில்லை. மற்ற நாளில் பேசும் பேச்செல்லாம் பேசினேன், இதை மட்டும் விழுங்கினேன்.

மிச்சம் நாலு. ஒன்று எங்கே போனது என்று தெரியவில்லை. ஒன்றை ஒரு ஈ வந்து வந்து தொட்டுக்கொண்டிருந்தது, இரண்டு நாளில் அது வற்றிச் சுருண்டது. கடைசி இரண்டும் செங்கலின் அடியில் தலைகீழாகத் தொங்கிக் கூடானது. பார்த்தால் காய்ந்த இலைத் துண்டு. அச்சுக்குப் போகும் வெள்ளிக்கு முந்தின நாள் வரைக்கும் இரண்டும் அசையவில்லை. நாளைக்குக் காலையில் அங்கே அச்சேறும், இங்கே மத்தியானம் பூச்சி வரும், யாருக்கு என்ன பிரயோசனம்? நினைக்க நினைக்க இருப்புக்கொள்ளவில்லை.

வியாழன் மத்தியானம் எவர்சில்வர் தூக்கு ஒன்றைக் கழுவித் துடைத்தேன். இரண்டு கூட்டின் காம்பையும் நூலால் கட்டி, ஒரு குச்சியில் தொங்கவிட்டு, குச்சியைத் தூக்கின் வாயில் குறுக்கே வைத்து, கொசுவலைத் துணியால் மூடிக் கட்டினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தூக்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“தூக்குல என்னா ஆயா, மீன் கொழம்பா?” என்றார் கண்டக்டர்.

“பட்டாம்பூச்சி.”

“எத்தினி?”

“ரெண்டு.”

“அப்ப மூணு டிக்கெட்டு.”

“பூச்சிக்கு எறங்குற எடம் தெரியாது. நீ எழுப்பி உடுவன்னா எடுக்கிறேன்.”

பின் சீட்டில் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பெல்லாம் காதில் ஏறவில்லை. ஒவ்வொரு வேகத்தடைக்கும் தூக்கை மேலே தூக்கிப் பிடித்தேன். ஆலப்பாக்கம் வருவதற்குள் தோள் இற்றுப்போனது.

தங்கச்சி வீடு தெற்கு வீதிக்குப் பின்னால். என்னையும் தூக்கையும் பார்த்தவள் எதுவும் கேட்காமல் தூக்கை வாங்கி மேசைமேல் வைத்தாள். அதில் ஒரு கூடு மறுநாள் விடியற்காலையில் வெடித்தது. நாங்கள் இரண்டு பேரும் பல்கூடத் துலக்காமல் பக்கத்தில் நின்றோம். கசங்கின துணி மாதிரி வெளியே வந்தது, தொங்கிக்கொண்டே றெக்கையை நீட்டியது. மஞ்சள்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அருகில் குனிந்தாள். எருக்கம்பூச்சிக்குக் கீழ் றெக்கை நடுவில் மூன்று நாலு கறுப்புப் புள்ளி இருக்கும். இதற்கு மேலோரத்தில் ஒன்றே ஒன்று. அவள் எடுத்த படத்தில் கீழ் றெக்கையைக் கீரை மறைத்திருந்தது. உள்ளே போய் ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்து வந்து புரட்டினாள். ஓரிடத்தில் நின்றாள். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன்.

“என்னா போட்டிருக்கான்?”

“டனாய்ட் எக்ஃப்ளைன்னு ஒண்ணு. பொண்ணு வெந்தய வரியன் மாரியே வேஷம் போடுமாம். கசக்கும்னு நெனச்சிப் பறவைங்க விட்டுடுமாம். பருப்புக்கீரையில முட்டை போடும். ஆண்…” என்று நிறுத்திவிட்டு, “ஆண் கறுப்பு. வெள்ளைப் பொட்டு” என்றாள்.

“அப்ப நான் சொன்னது?”

“அதான்க்கா, புத்தகத்துலயே போட்டிருக்கான். மாத்திடலாம். இப்பவே போன் பண்றேன்.”

ஒரு மாதம் அலைந்தது இந்த வார்த்தைக்குத்தான். வந்துவிட்டது. ஆனால் நெஞ்சுக்குள் இறங்கவில்லை.

“பாப்பா, புத்தகத்துல இருக்குன்னு ஒத்துக்கிறியா, நான் பாத்தேன்னு ஒத்துக்கிறியா?”

“ரெண்டும் ஒண்ணுதான.”

“ஒண்ணு இல்ல” என்றேன்.

அவள் போனை எடுத்தாள். மஞ்சள் பூச்சி ஜன்னல் வழியாகப் போய்விட்டது. நான் மிச்சக் கூட்டோடு தூக்கை எடுத்துக்கொண்டு, “பாத்திக்குத் தண்ணி ஊத்தணும்” என்று கிளம்பினேன். கார்த்திகை மழையில் யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? அவளுக்கும் தெரியும். அவள் தடுக்கவில்லை, அவளும் என் தங்கச்சிதானே.

கடலூர் பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போது குனிந்து பார்த்தேன். காய்ந்த இலை நிறத்தில் இருந்த கூடு கறுத்திருந்தது. தோல் மெல்லிசாகி உள்ளே இருப்பது தெரிந்தது. கறுப்புக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பப் பார்த்தேன். வெள்ளைப் புள்ளியேதான்.

வீட்டுக்குப் போனால் நான் மட்டும் பார்ப்பேன். நான்தான் ஏற்கெனவே பார்த்தாயிற்றே.

“எறக்கி உடுப்பா” என்று எழுந்து நின்றேன். வழியில் இறங்கி, ரோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்கம் நின்றேன். இரண்டு பஸ் நிற்காமல் போனது. மூன்றாவதுக்கு நடு ரோட்டிலேயே போய் நின்றுவிட்டேன். டிரைவர் திட்டிக்கொண்டே ஏற்றிக்கொண்டார்.

தங்கச்சி வீட்டுத் தெருமுனையில் அவளே எதிரே வந்தாள். செருப்பு மாட்டியிருந்தாள், கையில் என் மாத்திரைப் பை. நான் அதை மறந்துவிட்டுப் போயிருந்தேன்.

“எங்க போற?”

“கடலூருக்கு. நீ எங்க வர்ற?”

நான் தூக்கை நீட்டினேன். வீடு வரைக்கும் போக நேரமில்லை. தெருமுனையில் ஒரு பூட்டின கடை. அதன் படியில் தூக்கை வைத்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். முட்டி மடக்க முடியாமல் நான் அவள் தோளைப் பிடித்துத்தான் உட்கார்ந்தேன். கூடு விரிந்தது. சுருங்கி வந்தது, தொங்கியது, நீட்டியது. அரைமணிக்கு மேல் ஆயிருக்கும். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர், “என்னா டீச்சர், எதாவது தொலஞ்சிடிச்சா?” என்றார். தங்கச்சி தலையைத் தூக்கவில்லை.

கறுப்பு. மேல் றெக்கையில் பெரிதாக ஒன்று, நுனியில் சின்னதாக ஒன்று, கீழ் றெக்கையில் ஒன்று. அந்தப் பக்கமும் அப்படியே. வெயில் பட்டதும் பொட்டோரம் ஊதா எழும்பியது.

அவள் போனில் படம் எடுத்தாள். குறிஞ்சிப்பாடிக்குப் பேசி, “ஒரு பக்கம் காலியா வை. ரெண்டு படம் வரும், பக்கத்துல பக்கத்துல” என்றாள். பிறகு மாத்திரைப் பையிலிருந்தே என் பழைய மருந்துச் சீட்டு ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்தை மடியில் வைத்துப் பேனாவைத் திறந்தாள்.

“சொல்லுக்கா. மொத மொத எப்ப பாத்த?”

“ஐப்பசி மொத மழை முடிஞ்ச மறுநா.”

“முட்டை எலையோட மேல்பக்கமா, அடிப்பக்கமா?”

“அடி. ஒரு எலைக்கு ஒண்ணு.”

“காக்கா நெழலுக்குப் பயந்துச்சுன்னியே, அது எப்படி?”

ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் அவசரப்படாமல் சொன்னேன். அவள் ஒன்றையும் திருத்தாமல் எழுதினாள். எத்தனை புழு என்று கேட்டாள். ஏழு என்றேன்.

“கூடு ரெண்டுதான வந்துச்சு?”

“ஒண்ணு காணாமப் போச்சு. ஒண்ணு ஈ வந்து வத்திப் போச்சு.”

“மீதி மூணு?”

கட்டைவிரலைப் பார்த்தேன். நகம் சுத்தமாகத்தான் இருந்தது.

“நான் நசுக்கிட்டேன். உன்கூடப் போன்ல பேசிக்கிட்டே கீரை சுத்தம் பண்ணேன் பாரு, அன்னிக்கி. கையி பழக்கம். எழுதிக்கோ.”

பேனா நின்றது. “இதையுமாக்கா?”

“நடந்தத எழுது.”

எழுதினாள். நான் பக்கத்தில் சாய்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். மூன்று புழு, கீரை சுத்தம் செய்யும்போது, தெரியாமல் நசுங்கியது என்று இருந்தது.

“தெரியாமல்னு நான் சொல்லலியே. அத அடி.”

“அடிக்க மாட்டேன், போ” என்று சீட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

கறுப்புப் பூச்சி எப்போது எழுந்து போனது என்று இரண்டு பேரும் பார்க்கவில்லை. தூக்கில் ஓடு மாதிரிக் காலிக் கூடு ஆடிக்கொண்டிருந்தது. மழை கறுத்துக்கொண்டு வந்தது. கொல்லையில் வலையும் சாக்கும் திறந்து கிடக்கும். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றாள். அடுத்த முட்டை பொரிவதற்குள் வலைக்குக் கீழே அந்த இடுக்கை மூட வேண்டும் என்றேன்.